பழைய கம்ப்யூட்டர் சாமான்கள் இலவசமாகத் தருகிறேன். ஒரு ஃபிளாப்பி டிரைவ் வேண்டும்

தட்டச்சுக்காரி, கும்பகோணம்

வணக்கம். கும்பகோணத்தில் 1996 முதல் 2019 வரை டிடிபி சென்டர் வைத்திருந்தேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து நோட்டீஸ், கும்பாபிஷேக மலர், பில் புக், கண்ணீர் அஞ்சலி எல்லாம் செய்து கொடுத்தேன். கடையைக் காலி செய்தபோது சாமான்களை வீட்டு மாடி அறையில் ஏற்றிப் பூட்டியதோடு சரி. இப்போது மகன் குடும்பத்தோடு ஊருக்கே வருகிறான், அறை வேண்டும்.

போன வாரம் பழைய இரும்பு எடுப்பவரைக் கூப்பிட்டேன். நல்ல மனிதர்தான். ஆனால் பிரிண்டர், கீபோர்டு, கேபிள் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி, கிலோவுக்கு இவ்வளவு என்று சொன்னார். கீபோர்டை வயரைப் பிடித்துத் தூக்கித் தராசில் போட்டார். நான் பதினாறு வருஷம் அடித்த கீபோர்டு அது. மனசு கேட்கவில்லை. டீ கொடுத்து அனுப்பிவிட்டேன்.

எனக்குக் காசு வேண்டாம். ஆனால் எரித்துச் செம்பு எடுப்பவர் கைக்குப் போகாமல், மாட்டி வேலை செய்கிறவர் கைக்குப் போக வேண்டும். இருப்பவற்றைச் சொல்கிறேன். டிவிஎஸ் கோல்டு கீபோர்டு மூன்று, மூன்றும் ஊதா நிற வட்டப் பின் உள்ளவை. அதில் ஒன்றில் பழைய தட்டச்சு முறைத் தமிழ் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. சாதாரண கீபோர்டு எட்டோ ஒன்பதோ இருக்கும். பெரிய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் ஒன்று, வரிக்கு 132 எழுத்து அடிப்பது, ரிப்பன் மாற்றினால் ஓடும். ட்யூப் மானிட்டர் ஒன்று. 9 பின் சீரியல் கேபிள் நான்கு, பிரிண்டர் கேபிள் ஆறு, மானிட்டர் கேபிள் ஒரு பை நிறைய. ஹார்டு டிஸ்க்குக்குப் போடும் பட்டை கேபிள்கள். 40 ஜிபி ஹார்டு டிஸ்க் இரண்டு. ரேம் ஐந்தாறு, எது எதற்குச் சேரும் என்று தெரியவில்லை. பிரிக்காத ஃபிளாப்பி இரண்டு பெட்டி. பிரிண்டர் போர்ட்டில் மாட்டும் தமிழ் சாஃப்ட்வேர் பூட்டு ஒன்று. இதெல்லாம் யாருக்கு வேண்டியிருக்கும், அவர்களை எங்கே தேடுவது?

அப்புறம், எனக்கும் ஒரு பொருள் வேண்டும். 1998இல் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் அரசலாற்றங்கரையில் இருக்கும் ஒரு சின்னக் கோயிலின் வரலாற்றை எழுதிக்கொண்டு வந்தார். மூன்று மாதம், தினமும் மாலை ஐந்து மணிக்கு வந்து என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து ஒற்றுப்பிழை பார்ப்பார். 300 பிரதி அச்சிட்டார். அவர் போய்ப் பத்து வருஷம் ஆகிறது. போன மாதம் அவர் மகள் தேடிக்கொண்டு வந்தார். வீட்டில் இருந்த பிரதிகளைக் கரையான் அரித்துவிட்டதாம், ஒன்றுகூட இல்லை. என்னிடம் அந்த நூலின் நான்கு ஃபிளாப்பி பத்திரமாக இருக்கிறது. மேலே அவர் கையெழுத்திலேயே ஒன்று, இரண்டு என்று எண் போட்டிருக்கிறது. ஆனால் படிக்க டிரைவ் இல்லை. கம்ப்யூட்டரில் இருந்தது எப்போதோ கெட்டுவிட்டது. வேலை செய்யும் டிரைவ் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். விலை கொடுத்தும் வாங்கிக்கொள்கிறேன்.

சாலிடர், சென்னை

அம்மா வணக்கம். ரிச்சி தெருவில் இருபது வருஷமாக போர்டு சர்வீஸ் பார்க்கிறேன். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: அந்த இரண்டு ஹார்டு டிஸ்க்கையும் இப்போது யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். சாஃப்ட்வேர் பூட்டையும்.

காரணம் இதுதான். 1998 ஃபைல் என்றால் யூனிகோடு, அதாவது இன்று எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு, இருக்காது. அன்றைக்கு ஒவ்வொரு கம்பெனியும் தன் எழுத்துருவில் 'அ'வை ஒரு இடத்திலும் 'க'வை இன்னோர் இடத்திலும் வைத்திருந்தது. டாம், டாப் என்ற பொதுத்தரம் பேசப்பட்டதே சென்னையில் 1999இல் நடந்த தமிழ்நெட் மாநாட்டில்தான். நீங்கள் அன்று பயன்படுத்திய அதே எழுத்துரு இல்லையென்றால், ஃபிளாப்பி நன்றாகவே படித்தாலும் திரையில் இங்கிலீஷ் எழுத்தும் குறியும்தான் வரும். அந்த எழுத்துரு உங்கள் ஹார்டு டிஸ்க்கில், விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபாண்ட்ஸ் என்ற இடத்தில் இருக்க வேண்டும். பூட்டு எதற்கு என்றால், அந்தத் தமிழ் சாஃப்ட்வேர் அது இல்லாமல் திறக்காது. யுஎஸ்பியில் மாட்டும் பிரிண்டர் கேபிளை வாங்கி அதில் பூட்டைச் சொருகிப் பார்க்க வேண்டாம். அந்தக் கேபிள் பிரிண்டரோடு பேசுவதற்கு மட்டும் செய்தது. பூட்டுக்கு மதர்போர்டிலேயே இருக்கும் 25 பின் போர்ட் வேண்டும்.

டிரைவ் என்னிடம் இரண்டு இருக்கிறது, யுஎஸ்பியில் மாட்டுவது. ஒன்றை அனுப்புகிறேன், வேலை முடிந்ததும் திருப்பி அனுப்பினால் போதும், காசு வேண்டாம். வந்ததும் உடனே ஃபிளாப்பியைப் போட்டுவிடாதீர்கள். மேலே உள்ள தகட்டைக் கையால் ஒதுக்கி, வெளிச்சத்தில் உள்ளே இருக்கும் கறுப்புத் தட்டைப் பாருங்கள். மெதுவாகச் சுழற்றி முழு வட்டமும் பார்க்க வேண்டும். வெள்ளையாகப் புள்ளி புள்ளியாக இருந்தால் அது பூஞ்சை. அதைப் போட்டால் டிரைவின் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்து போடும் நல்ல ஃபிளாப்பியையும் கீறிவிடும். மூலையில் இருக்கும் சின்னப் பூட்டைத் தள்ளி ஓட்டை தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் தவறிக்கூட அதில் எதுவும் எழுதாது. ஃபார்மட் செய்யவா என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்றே சொல்லுங்கள்.

மற்ற சாமான்களில், டிவிஎஸ் கோல்டை நாலு பேருக்குக் காட்டாமல் கொடுத்துவிடாதீர்கள். பழைய கோல்டில் ஒவ்வொரு விசைக்குக் கீழும் செர்ரி கம்பெனியின், அடித்தால் டக்கென்று சத்தம் வரும் நீல ஸ்விட்ச் இருக்கும். அதை வருஷக்கணக்கில் தேடுகிற ஆட்கள் இருக்கிறார்கள்.

ட்யூப் மானிட்டரை மட்டும் வீட்டுக்கு வருகிற யாருக்கும் தர வேண்டாம். அந்தக் கண்ணாடியில் ஈயம் உண்டு. செம்புச் சுருளுக்காக உடைத்துவிட்டு மீதியைக் குளத்து ஓரத்தில் கொட்டுவார்கள். மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம்தான் போக வேண்டும். நீங்களும் பின்பக்க மூடியைக் கழற்றிவிடாதீர்கள். கரண்டை எடுத்த பிறகும் உள்ளே ஷாக் நிற்கும்.

லேத் பட்டறை, கோவை

அக்கா, சீரியல் கேபிள் நாலும் எனக்கு வேணுங்க. சிஎன்சி மெஷின், அதாவது கம்ப்யூட்டர் புரோகிராமில் ஓடும் லேத் மாதிரி மெஷின், மராமத்து வேலை பார்க்கிறேன். எங்கள் பக்கம் இருபது, இருபத்தைந்து வருஷத்து மெஷின் இன்னும் ஷிஃப்ட் போட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. புரோகிராம் ஏற்றுவதற்கு 9 பின் போர்ட்தான், வேறு வழி இல்லை. யுஎஸ்பி மாற்றிகள் கடையில் கிடைக்கும். ஆனால் சில மெஷினில் நீளமான புரோகிராம் ஏறும்போது நடுவில் ஓர் எழுத்து விட்டுப்போகும். ஓர் எழுத்து போனால் டூல் போய், பொருளைப் பிடித்திருக்கும் சக்கில் இடிக்கும். அதனால் நிஜ சீரியல் போர்ட் உள்ள பழைய கம்ப்யூட்டரைத்தான் பட்டறையில் வைத்திருக்கிறோம்.

அனுப்பும் முன் ஒரு சிரமம் தருகிறேங்க. மல்டிமீட்டர் இருந்தால் ஒரு முனையில் 2ஆம் பின்னையும் மறுமுனையில் 2ஆம் பின்னையும் தொட்டுப் பாருங்கள். பீப் வந்தால் நேர் கேபிள். 2க்கும் 3க்கும் பீப் வந்தால் குறுக்குக் கேபிள். இரண்டும் வேண்டும், ஆனால் எது எது என்று துணி டேப்பில் எழுதி ஒட்டிவிட்டால் பெரிய உதவி. பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், மாற்றி மாட்டிவிட்டு அரை நாள் தேடியிருக்கிறேன். பார்சல் ஆபீசில் டு-பே போட்டு அனுப்பிவிடுங்கள், இங்கே நான் கட்டி எடுத்துக்கொள்கிறேன்.

பரண், சேலம்

நான் மாற்றுக் கருத்து சொல்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம். நானும் இப்படித்தான் இரண்டு அலமாரி நிறைய ஏழு வருஷம் வைத்திருந்தேன். யாராவது கேட்பார்கள் என்று நினைத்தேன். கேட்டவர்கள் இரண்டு பேர். மீதியைக் கடைசியில் எலி கடித்து, அதற்குப் பிறகு கிலோவுக்குக்கூட எடுக்கவில்லை. உங்களுக்கு அறை வேண்டும் என்றால் ஒரு தேதி வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதி வரை கேட்டவர்களுக்குக் கொடுங்கள், மீதி மறுசுழற்சிக்குப் போகட்டும். பட்டை கேபிள், மானிட்டர் கேபிள் எல்லாம் பை நிறைய இருந்தால் இரண்டு இரண்டு போதும். மூட்டையாக யாரும் கேட்க மாட்டார்கள்.

கணினி ஆசிரியர், திருவாரூர் மாவட்டம்

அம்மா, எங்கள் பள்ளி லேபில் 14 கம்ப்யூட்டர் இருக்கிறது, அதில் ஐந்துக்குக் கீபோர்டு இல்லை. எல்லாமே பழைய மாடல், பின்பக்கம் ஊதா, பச்சை வட்டத் துளை உள்ளவை. உங்கள் சாதாரண கீபோர்டு எட்டையும் நேரில் வந்து எடுத்துக்கொள்கிறேன்.

படிக்கிற மற்றவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பள்ளிக்குக் கொடுக்கும் முன் ஒவ்வொன்றையும் மாட்டி, எல்லா விசையும் அடித்துப் பாருங்கள். போன வருஷம் ஒருவர் ஆர்வமாக ஒரு கார் டிக்கி நிறையக் கொண்டுவந்து கொடுத்தார். வேலை செய்தது நாலு. மீதியை அகற்ற நான் மூன்று ஆபீசுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது, பள்ளிக் கணக்கில் ஏறிவிட்டால் சும்மா தூக்கிப் போட முடியாது. இன்னொன்று, வட்டப் பின் கீபோர்டை யுஎஸ்பியில் மாட்ட, மவுஸோடு வரும் சின்னப் பச்சை முனையை மாட்டினால் பெரும்பாலும் ஓடாது. அது வெறும் கம்பி இணைப்புதான், வட்டப் பின், யுஎஸ்பி இரண்டின் மொழியும் தெரிந்த மவுஸுக்கு மட்டும் பயன்படும். உள்ளே சிப் வைத்த மாற்றியாக வாங்க வேண்டும். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது வட்டப் பின்னைப் பிடுங்கி மாட்டவும் கூடாது, பழைய போர்டில் அந்தப் போர்ட்டே போய்விடலாம்.

பூ வேலை, திருப்பூர்

பிரிக்காத ஃபிளாப்பி இரண்டு பெட்டி என்று படித்ததும் எழுதுகிறேன். எம்ப்ராய்டரி யூனிட்டில் இருக்கிறேன். ஆறு ஊசித் தலை உள்ள பழைய மெஷின் ஒன்று, டிசைன் ஏற்றுவது ஃபிளாப்பியில்தான். சோனி 2011இலேயே ஃபிளாப்பி விற்பதை விட்டுவிட்டது. இருப்பதையே அழித்து அழித்து எழுதி, பழைய டிசைன்களைத் தொலைத்துக்கொண்டிருக்கிறோம். உங்கள் பெட்டியில் 1.44 எம்பி என்று போட்டிருக்கிறதா, 720 கேபி என்று போட்டிருக்கிறதா? ஃபிளாப்பியில் இரண்டு பக்க மூலையிலும் ஓட்டை இருந்தால் 1.44, ஒரு பக்கம் மட்டும் இருந்தால் 720. எங்கள் மெஷினுக்கு 720 வேண்டும். 1.44 ஆக இருந்தாலும் ஒரு பெட்டி தாருங்கள், ஓட்டையில் டேப் ஒட்டி 720 ஆக ஃபார்மட் செய்து ஒப்பேற்றுவோம்.

சாலிடர், சென்னை

திருப்பூர் தம்பி, டேப் ஒட்டி எழுதியது ஆறு மாதம் கழித்துப் படிக்காமல் போகும். 1.44 தட்டின் பூச்சே வேறு. அந்த டிரைவைக் கழற்றிவிட்டு, அதே அளவில் பென் டிரைவ் மாட்டுகிற எமுலேட்டர் ஒன்று வருகிறது, கோட்டெக் என்று கேளுங்கள். மெஷினுக்கு அது ஃபிளாப்பி டிரைவாகவே தெரியும். உங்கள் மெஷின் மாடலை எழுதுங்கள், ஜம்பர் (சின்ன இணைப்புத் துண்டு) எங்கே போட வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.

தட்டச்சுக்காரி, கும்பகோணம்

இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. சேலம் ஐயா சொன்னது சரி, தை மாதக் கடைசி வரை என்று தேதி வைத்துவிட்டேன். திருப்பூர் தம்பி, என்னுடையது 1.44தான். எமுலேட்டர் வரும்வரை பயன்படட்டும், ஒரு பெட்டியை அனுப்பிவிடுகிறேன். கோவைத் தம்பி, பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியனிடம் மல்டிமீட்டர் வாங்கிப் பார்த்தேன். மூன்று நேர், ஒன்று குறுக்கு. டேப் ஒட்டி எழுதிவிட்டேன்.

சென்னைத் தம்பி, ஃபிளாப்பியின் தகட்டை ஒதுக்கிப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, நான்கு கண்ணாடி மாதிரி இருக்கிறது. மூன்றாவதில் ஓரமாக, கடுகளவில், அரிசிமாவு தெளித்த மாதிரி ஏழெட்டுப் புள்ளி. என்ன செய்ய? அந்தக் காலத்தில் ஃபைல் பெரிதாகிவிட்டால் ஏஆர்ஜே என்ற சுருக்கும் சாஃப்ட்வேர் போட்டு நாலாகப் பிரித்துத்தான் ஏற்றுவோம். மூன்றாவது இல்லாமல் மற்றது சேராதே.

சாலிடர், சென்னை

அம்மா, மூன்றாவதை நீங்கள் தொட வேண்டாம், எனக்கு அனுப்புங்கள். உறையைப் பிரித்து, தட்டை மட்டும் வெளியே எடுத்து ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, வேறு ஃபிளாப்பியின் உறைக்குள் வைத்து மூட வேண்டும். அதற்காக ஒரு புது ஃபிளாப்பியையும் சேர்த்து அனுப்புங்கள். படிக்கும்போது ஃபைலாக எடுக்காமல், லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு புரோகிராம் வைத்து முழுத் தட்டையும் ஒரே பிம்பமாக எடுப்பேன். 14,74,560 பைட் வர வேண்டும். படிக்காத இடத்தை மட்டும் அது திரும்பத் திரும்ப முயலும், இரண்டு டிரைவில் மாற்றி மாற்றிப் போட்டால் இன்னும் கொஞ்சம் தேறும்.

நீங்கள் மற்ற மூன்றையும் முதலில் எடுத்துவிடுங்கள். ரேமில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படமெடுத்துப் போடுங்கள். சீட்டு இல்லையென்றால் தங்கப் பின்களை எண்ணுங்கள், இரண்டு பக்கமும் சேர்த்து 168 என்றால் எஸ்டி ரேம், 184 என்றால் முதல் டிடிஆர். 240 என்றால் டிடிஆர் 2 அல்லது 3, நடுவெட்டு இருக்கும் இடம்தான் வித்தியாசம்.

நகல் மேசை, தஞ்சாவூர்

அக்கா, கோர்ட் வாசலில் ஜாப் டைப்பிங் மேசை போட்டிருக்கிறேன். மனு, பிரமாணப் பத்திரம், கிரயப் பத்திரம் எல்லாம் தமிழில் பழைய தட்டச்சு முறையில்தான் அடிப்பேன், டைப்ரைட்டிங் ஹையர் முடித்த கை, வேறு முறை வராது. இப்போது கிடைக்கும் மெல்லிய கீபோர்டில் ஒரு நாளைக்கு முப்பது பக்கம் அடித்தால் விரல் நுனி மரத்துப்போகிறது. ஸ்டிக்கர் ஒட்டிய கோல்டு கீபோர்டு யாருக்கும் சொல்லாமல் இருந்தால் எனக்குத் தர முடியுமா? என் கம்ப்யூட்டரில் ஊதா துளை இருக்கிறது.

தட்டச்சுக்காரி, கும்பகோணம்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

தஞ்சாவூர்த் தங்கை போன ஞாயிறு பஸ்ஸில் வந்திருந்தார். ஸ்டிக்கர் ஒட்டிய கீபோர்டைத் துணியால் துடைத்து மடியில் வைத்ததும், திரையே இல்லாமல், 'பெறுநர்' என்று அடித்துப் பார்த்தார். அந்தச் சத்தம் கேட்டுக் கீழே சமையலறையில் இருந்த என் மருமகள், கடை திறந்துவிட்டீர்களா என்று கேட்டாள். அந்தக் கீபோர்டில் 'ந'வும் 'ப'வும் தேய்ந்துபோயிருக்கும், அது என் விரல் தேய்த்தது. தங்கை அதைப் பார்க்கவே இல்லை, கண் திரை இருக்கும் இடத்தில்தான் இருந்தது. கையில் அடுத்த வேலைக்கான மனுவும் கொண்டுவந்திருந்தார். பெரிய பிரிண்டரையும் அவரே கேட்டார், மூன்று நகல் கார்பன் வைத்து எடுக்க வேண்டுமாம். பக்கத்து ஊர் வேனில் ஏற்றிவிட்டோம்.

ஆசிரியர் வந்து எட்டுக் கீபோர்டையும் என் முன்னாலேயே மாட்டிப் பார்த்தார். ஆறு தேறியது. கெட்ட இரண்டை எடுத்துக்கொள்ளவில்லை, அதுதான் எனக்குப் பிடித்தது. கோவைப் பார்சல் போய்விட்டது. மானிட்டரையும், மிச்சக் கேபிள்களையும், கெட்ட கீபோர்டுகளையும் பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரர் ஒருவரின் வண்டி தஞ்சாவூர் வந்தபோது ஏற்றினோம், ரசீது கொடுத்தார்கள். ஹார்டு டிஸ்க் இரண்டும் என்னிடமே இருக்கும். பத்திரிகை அடிக்க வந்தவர்கள் கொடுத்த ரேஷன் கார்டு நகல், வாக்காளர் அட்டை நகல் எல்லாம் அதில் இருப்பதைப் பார்த்ததும் வயிறு கலங்கிவிட்டது. எழுத்துருவை எடுத்துக்கொண்ட பிறகு, அழித்து, தட்டில் துளை போடச் சொல்லியிருக்கிறேன்.

இனி ஃபிளாப்பி. என்னிடம் இருந்த மூன்றும் முழுதாகப் படித்தன. மூன்றாவதில் சென்னைத் தம்பி இரண்டு இரவு உட்கார்ந்து, பத்து செக்டர், அதாவது தட்டின் பத்துச் சின்னத் துண்டுகள், தவிர மற்ற எல்லாவற்றையும் எடுத்துவிட்டார். நாலையும் சேர்த்து விரித்தபோது ஆறு அத்தியாய ஃபைலில் ஐந்து ஒழுங்காக வந்தது, நாலாவது அத்தியாயம் பாதியில் உடைந்துவிட்டது. தம்பி தன் கடையில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரில் அன்று பக்கம் அமைத்த பேஜ்மேக்கர் 6.5 சாஃப்ட்வேர் போட்டு, என் ஹார்டு டிஸ்க் எழுத்துருவை ஏற்றித் திறந்து படம் அனுப்பினார். முதல் பக்கத்தில் விநாயகர் படத்துக்குக் கீழே நான் போட்ட பூக்கோடு அப்படியே இருந்தது.

உடைந்த அத்தியாயத்துக்கு ஐயாவின் மகள் அவருடைய கையெழுத்து நோட்டைத் தேடி எடுத்து வந்தார். கரையான் மேல் அட்டையோடு நின்றுவிட்டிருக்கிறது. ஓரத்தில் பென்சிலில், 'இவ்விடத்தில் வலிமிகாது, கவனிக்க' என்று எனக்கு எழுதிய குறிப்பும் இருந்தது.

இரண்டாவது கோல்டு கீபோர்டை வைத்துக்கொண்டு, சிப் வைத்த மாற்றி வழியாக மகனின் லேப்டாப்பில் மாட்டி, அந்த அத்தியாயத்தை யூனிகோடில் அடித்துக்கொண்டிருக்கிறேன். இப்போது 38ஆம் பக்கம். மூன்றாவது கோல்டு இன்னும் யாருக்கும் சொல்லவில்லை. ரேமில் டிடிஆர் 2, ஒரு ஜிபி, இரண்டு துண்டு மீதி இருக்கிறது. வேண்டுபவர்கள் தை முடிவதற்குள் எழுதுங்கள். சென்னைத் தம்பி, உங்கள் டிரைவை நேற்று பார்சலில் போட்டுவிட்டேன், கூடவே ஒரு டப்பா டிகிரி காப்பிப் பொடி இருக்கிறது, பிரித்ததும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள்.